சைப்பானில் உடைந்தது எது?

அன்புள்ள ஐயா,

நல்ல கேப்டன்கள் பற்றி எழுதியபோது அயர்லாந்துக் கால்பந்து வீரர் ராய் கீனை ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். கீன் ஆடியதை நேரலையில் பார்த்து வளர்ந்தவன். என் சித்தப்பா மகனுக்கோ அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. "2002-இல் உலகக் கோப்பை ஆடப் போன இடத்தில், முதல் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சைப்பான் தீவில் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பினவர் கேப்டனா? ஹாலண்டின் காலை உடைத்து அவர் ஆட்டத்தையே முடித்தவர்தானே?" என்று கேட்கிறான். "அவர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் தப்பு" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஆனால் எனக்கே அந்தப் பதில் போதவில்லை. அயர்லாந்திலேயே இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறதாமே. நீங்கள் எந்தக் கட்சி? அவர் இருந்திருந்தால் அந்த அணி இன்னும் தூரம் போயிருக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் தம்பி சொன்னதில் ஒன்றை முதலில் திருத்திவிடுகிறேன். 2001 ஏப்ரலில், மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தில், கீன் ஆல்ஃபி ஹாலண்டின் முழங்காலில் பூட்ஸை ஏற்றினார். இன்றைய நட்சத்திர வீரர் எர்லிங் ஹாலண்டின் அப்பா அவர். அடி விழுந்தது வலது காலில். ஹாலண்டை ஆட்டத்திலிருந்து விலக வைத்த நீண்ட நாள் தொல்லை இடது முழங்காலில். ஆகவே "ஆட்டத்தையே முடித்தவர்" என்பது சரியல்ல.

ஆனால் இதைச் சொல்லி கீனைக் காப்பாற்ற நான் வரவில்லை. 1997-இல் லீட்ஸ் மைதானத்தில் ஹாலண்டை இடறப்போய் கீனுக்கே முழங்கால் தசைநார் கிழிந்தது. வலியில் கிடந்தவரின் தலைமாட்டில் நின்று, நடிக்காதே என்று ஹாலண்ட் கத்தினார். அதை மூன்றரை ஆண்டு மனதில் வைத்திருந்து கீன் திருப்பிக் கொடுத்தார். 2002-இல் வந்த தன் சுயசரிதையில் அதை மறைக்கவும் இல்லை. அதற்காக ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். நியாயமான தண்டனை. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இன்னொரு ஆட்டக்காரனின் கால் அவனுடைய பிழைப்பு. அதில் கை வைக்க எந்தக் கோபத்துக்கும் உரிமை இல்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சைப்பான் பற்றிப் பேசும் பலர் ஹாலண்டின் முழங்காலை அங்கேயும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது வேறு கணக்கு. இது வேறு கணக்கு. ஒன்றில் குற்றவாளியாக இருந்ததால் இன்னொன்றிலும் அவர் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது.

சரி, சைப்பானுக்கு வருவோம். பசிபிக் கடலில், வடக்கு மரியானாத் தீவுகளில் ஒன்று அது. 2002 உலகக் கோப்பைக்காக ஜப்பான் போகும் வழியில் அயர்லாந்து அணியை அங்கே தங்க வைத்தார்கள். வீரர்கள் போய் இறங்கிவிட்டார்கள். பயிற்சிச் சாமான்கள் வந்து சேரவில்லை. பந்து இல்லை, சத்து பானம் இல்லை, மருந்துப் பெட்டி இல்லை. மைதானத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கவில்லை. காய்ந்து இறுகிப்போய், குண்டும் குழியுமாகக் கிடந்தது. அந்தத் தரையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு மிட்ஃபீல்டர் அதில் ஓடித் திரும்பும்போது முழங்கால் மீது எவ்வளவு பாரம் இறங்கும்! ஏற்கெனவே ஒரு முறை தசைநார் கிழிந்த முழங்கால் அது. வயது முப்பது. அடுத்த உலகக் கோப்பை தனக்கு இருக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பிறகு ஒரு பயிற்சி ஆட்டம். கோல்கீப்பர்கள் தனியாகக் கடுமையாகப் பயிற்சி செய்து களைத்துப்போனதால் அதில் இறங்கவில்லை. கோல்கீப்பர் இல்லாமல் என்ன ஆட்டம் என்று கீன் சண்டை பிடித்தார். மற்றவர்களுக்கு அது சின்ன விஷயம். அவருக்கு அந்த வாரம் முழுவதும் அதில் தெரிந்தது.

இங்கேதான் அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தது என்று நினைக்கிறேன். அயர்லாந்து 1990-இல் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போய்க் காலிறுதி வரை வந்தது. நாடே தெருவில் இறங்கி ஆடியது. அந்த அணியின் கேப்டன் மிக் மெக்கார்த்தி. 2002-இல் பயிற்சியாளரும் அவர்தான். "நம்மைப்போன்ற ஒரு சின்ன நாடு இங்கே வரை வந்ததே பெரிசு" என்ற சந்தோஷம் அந்தத் தலைமுறைக்கு உண்மையானது. அதைக் கேலி செய்ய என்னால் முடியாது. கீனுக்கோ அந்த வார்த்தைகளே தீயாகச் சுட்டன. தகுதிச் சுற்றில் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் இருந்த பிரிவில் ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்த அணி அது. நெதர்லாந்து வீட்டிலேயே இருந்துவிட்டது. அப்படி வந்தவர்கள் ஏன் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும்? கார்க் நகரத்தின் மேஃபீல்டில் பிறந்து, பையனாக இருந்தபோது உடம்பு போதாது என்று கழித்துவிடப்பட்டு, அங்கிருந்து இங்கிலாந்தின் மிகப்பெரிய கிளப்புக்குக் கேப்டனாக ஏறி வந்தவர் கேட்ட கேள்வி இது.

அப்போது அயர்லாந்தின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் பலர் இதைப் பழைய அயர்லாந்துக்கும் புதிய அயர்லாந்துக்கும் நடந்த சண்டையாகவே பார்த்தார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் அப்படி மட்டும் பார்த்தால், அந்த ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்த இரண்டு மனிதர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் வாக்கியம்: "சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு." எனக்கு இது பிடிக்கவில்லை. உங்கள் மீது குறையாகச் சொல்லவில்லை, நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்கவில்லை. கீன் இரண்டு முறை பேசினார். முதலில் ஒரு பத்திரிகையாளரிடம். மைதானம், சாமான்கள், பயண ஏற்பாடு என்று ஒவ்வொன்றாக, நிதானமாக, தன் பெயரிலேயே சொன்னார். 'ஐரிஷ் டைம்ஸ்' அதை 2002 மே 23 அன்று வெளியிட்டது. அதில் விதமும் தப்பில்லை, விஷயமும் தப்பில்லை. அணிக்குள் முடித்திருக்கலாமே என்பார்கள். அணிக்குள் அவர் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது.

அன்று மாலை மெக்கார்த்தி எல்லா வீரர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்து, அந்தப் பேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேப்டனிடம் விளக்கம் கேட்டார். பேச்சு மைதானத்தைத் தாண்டிப்போனது. முந்தைய நவம்பரில், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற ஈரானுக்கு எதிராக ஆடிய இரண்டாவது ஆட்டத்துக்கு கீன் டெஹ்ரான் போகவில்லை. காயம் என்று பொய் சொல்லி நழுவினாய் என்று எல்லோர் முன்னாலும் தன்மேல் பழி சுமத்தப்பட்டதாகக் கீன் சொல்கிறார். அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. சக வீரர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்தபோது அணியில் கேப்டன் இல்லை.

அந்த இரண்டாவது பேச்சில் சரி என்று எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அது பந்தைப் பற்றியதோ தரையைப் பற்றியதோ அல்ல. ஒரு மனிதரை ஊர் பார்க்க உரித்துப்போட்டது. ஆகவே சரியாகச் சொன்னது ஒரு பேச்சு, தப்பாகச் சொன்னது வேறொரு பேச்சு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டும்போது என்ன ஆகிறது என்றால், முதல் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டாவது பேச்சின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

பல மாதம் அப்படித்தான் ஒளிந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அயர்லாந்து கால்பந்துச் சங்கமே வெளியாட்களை வைத்து ஓர் ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. ஜெனிசிஸ் அறிக்கை என்பார்கள். அந்த நவம்பரில் அது வெளியானது. திட்டமிடலில் இருந்த ஓட்டைகளை அது எடுத்துக்காட்டியது. சங்கத்தின் பொதுச் செயலர் பதவி விலகினார். அதே மாதம் மெக்கார்த்தியும் விலகினார். கீன் முதல் பேச்சில் சொன்னது எதுவும் கற்பனை இல்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்டீர்கள். என் கணக்கில் முதல் குற்றம் சங்கத்தின் மீது. இரண்டாவது மெக்கார்த்தி மீது. பேட்டியைப் படித்ததும் அவர் கீனின் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். எல்லோரையும் சாட்சிக்குக் கூப்பிட்டது பெரிய தவறு. ஆனால் அந்தக் கதவை அவரால் தட்ட முடியாமல் போனது அன்றைக்கு மட்டும் அல்ல. 2001 செப்டம்பர் 1 அன்று டப்ளினில் நெதர்லாந்தை வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே கீன் நெதர்லாந்தின் ஓவர்மார்ஸ் மீது முரட்டு டேக்கிள் ஒன்று போட்டு, இன்றைக்கு யாரும் சும்மா போக முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு வீரர் சிவப்பு அட்டை வாங்கிப் போன பின்னும், பத்துப் பேருடன் 1-0 என்று ஜெயித்தார்கள். விசில் ஊதியதும் அரங்கமே பித்துப் பிடித்துக் கத்துகிறது. மெக்கார்த்தி கையை நீட்டுகிறார். கீன் அந்தக் கையைத் தொடுகிறார், முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயித்த நாளில் அப்படி என்றால் மற்ற நாட்களில் எப்படி இருந்திருக்கும்?

மூன்றாவது குற்றம் கீன் மீது. அந்த மாலைக்காக அல்ல. அதற்கு அடுத்த ஐந்தாறு நாட்களுக்காக. அவர் மான்செஸ்டர் பக்கம் தன் வீட்டில் இருந்தார். நாய் டிரிக்ஸைக் கூட்டிக்கொண்டு தினமும் நடக்கப் போனார். வேலிக்கு வெளியே கேமராக்கள். அயர்லாந்துப் பிரதமர் சமாதானம் பேசத் தயாராக இருந்தார். அரசுத் தொலைக்காட்சி கீனை உட்கார வைத்துப் பேட்டி எடுத்தது. அந்தப் பேட்டி நடந்த நேரத்தில் கதவு ஒரு கையளவு திறந்திருந்தது என்றுதான் நாட்டில் பாதிப் பேர் நம்பினார்கள். ஒரு வார்த்தை, "அன்றைக்குப் பேசியதற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அவர் வராமல் இருப்பதே நல்லது என்று சைப்பானிலிருந்து ஜப்பான் போயிருந்த வீரர்களும் அறிக்கை விட்டார்கள். அத்தோடு முடிந்தது.

இது எனக்கு ஆறாத வருத்தம். ஏனென்றால் தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் மற்றவர்களுக்காக ஓடத் தெரிந்தவர்தான் அவர். 1999 ஏப்ரலில் டூரின் நகரத்தில் யுவெண்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பதினோரு நிமிடத்தில் யுனைடெட் இரண்டு கோல் வாங்கிவிட்டது. 24-வது நிமிடத்தில் பெக்காம் கார்னர் அடிக்கிறார், கீன் முன்னால் பாய்ந்து தலையால் முட்டி உள்ளே போடுகிறார். கொண்டாட்டம் இல்லை. திரும்பி நடு வட்டத்துக்கு ஓடுகிறார், வேலை பாக்கி இருக்கிறது என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் சக வீரர் தவறாகக் கொடுத்த ஒரு பாஸைக் காப்பாற்றப்போய் ஜிடானை இடறி மஞ்சள் அட்டை வாங்குகிறார். அந்த அட்டையால் இறுதியாட்டம் அவருக்கு இல்லை. அதைத் தெரிந்துகொண்டே மீதி ஒரு மணி நேரம் அவர் ஓடிய ஓட்டத்தை உங்கள் தம்பிக்குக் காட்டுங்கள். 3-2 என்று ஜெயித்தார்கள். பார்சிலோனாவில் நடந்த இறுதியாட்டத்தில் கோப்பையை மற்றவர்கள் தூக்கினார்கள்.

அன்று மஞ்சள் அட்டையை விழுங்கிக்கொண்டு ஓட முடிந்தவரால், சைப்பானில் அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஓட முடியவில்லை. மைதானத்துக்குள் அவரால் தாங்க முடிந்தது. ஹோட்டல் அறையில் முடியவில்லை.

கடைசிக் கேள்வி, அவர் இருந்திருந்தால்? அவர் இல்லாமலே அந்த அணி நன்றாகத்தான் ஆடியது. இதைக் கீன் கட்சிக்காரர்கள் மறந்துவிடக் கூடாது. நடுக்களத்தில் மார்க் கின்செல்லாவும் மேட் ஹாலண்டும் (அந்த ஹாலண்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஜெர்மனிக்கு எதிராக 92-வது நிமிடத்தில் ராபி கீன் (இவரும் ராய்க்கு உறவில்லை) சமன் செய்தார். இறுதியாட்டம் வரும்வரை ஜெர்மனி வாங்கிய ஒரே கோல் அதுதான். இரண்டாம் சுற்றில் தென் கொரியாவின் சுவோனில் ஸ்பெயினோடு ஆடினார்கள். 90-வது நிமிடத்தில் பெனால்டியில் 1-1. கூடுதல் நேரத்தில் ஸ்பெயினின் அல்பெல்டா காயத்தோடு வெளியே போனார். மாற்று வீரர்கள் தீர்ந்துவிட்டதால் ஸ்பெயின் பத்துப் பேரோடு தடுமாறிக்கொண்டு நின்றது.

அந்தக் கூடுதல் நேரத்தை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அயர்லாந்து வீரர்கள் அத்தனை பேரும் களைத்துப் போயிருக்கிறார்கள். பந்து அவர்களிடம் வருகிறது. எதிரில் ஓர் ஆள் குறைவு, இடம் கிடக்கிறது. பந்தை வாங்கி, தலையை உயர்த்தி, அந்த இடத்துக்குப் போ என்று மற்றவர்களைக் கத்தி விரட்ட ஒருவர் வேண்டும். நேரம் கரைகிறது. பெனால்டியில் 3-2 என்று தோற்கிறார்கள். அவர்கள் டப்ளின் திரும்பியபோது ஃபீனிக்ஸ் பூங்காவில் பெருங்கூட்டம் காத்திருந்தது. மெக்கார்த்தி கட்சி, கீன் கட்சி என்று இரண்டு பக்கத்து ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அன்றைக்குக் கை தட்டியிருக்கும். நானும் தட்டியிருப்பேன். ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தை எப்போது பார்த்தாலும் என் கண் நடு வட்டத்துக்குத்தான் போகிறது.