பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் எவ்வளவு சேர்த்து வைப்பது?

கேள்வி: தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம், ஐந்து பேர். கணவருக்குத் தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை. மாமியாருக்குச் சர்க்கரை, தினம் இன்சுலின் ஊசி. 2020 லாக்டவுனில் பதினைந்தாவது நாளே பானை காலி. யார் யாரிடமோ கை நீட்ட வேண்டியதாயிற்று. புதுக் காய்ச்சல் என்று டிவியில் ஏதாவது சொன்னாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இன்னொரு முறை அப்படி வந்தால் யாரையும் நம்பாமல் எங்கள் காலிலேயே நிற்க வேண்டும். என்னென்ன, எவ்வளவு வாங்கி வைக்கலாம்?
(ஒரு வாசகி, தாராவி)

பதில்: சகோதரி, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. 2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு அறிவிப்பு வந்தது, 12 மணிக்கு ஊரே அடைத்தாயிற்று. அந்த நாலு மணி நேரத்தில் மளிகைக் கடை வாசலில் நின்ற கூட்டத்தை நானும் பார்த்தேன். தினக்கூலிக்காரர்கள் கையில் அன்றைக்கு இருந்த காசுக்கு எத்தனை கிலோ வாங்கியிருக்க முடியும்?

ஆனால் 'யாரையும் நம்பாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். இந்தப் பகுதியில் இருபது வருஷமாகச் சுகாதாரப் பணியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் ரூமில் இரண்டு வாரத்துக்குத்தான் சேர்த்து வைக்க முடியும், அதற்கு மேல் இடம் கிடையாது. மூன்றாவது வாரத்துக்கானதைச் சந்தில்தான் சேர்த்து வைக்க வேண்டும். அதாவது பத்துப் பன்னிரண்டு வீடுகள் இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் வந்த பிறகு கேட்டால்தான் அது கை நீட்டுவது. முன்கூட்டியே பேசி, நீங்களும் உங்கள் பங்கைக் கொடுத்து வைத்திருந்தால் அது உங்கள் சொந்தச் சேமிப்பு.

முதலில் வீட்டுக்குள் பார்ப்போம். நீங்கள் ஐந்து பேரும் இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி ஆகும், 14 நாளைக்குப் பதினேழு பதினெட்டுக் கிலோ. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றை நன்றாகக் கழுவிக் காய வைத்தால் அதில் ஏறக்குறைய 13 கிலோ அரிசி அடங்கும். மீதிக்கு 5 கிலோ ஆட்டா போதும். பருப்பு 3 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், உப்பு, புளி, மிளகாய், வெல்லம். அடுப்பே எரியாத நாளுக்கு அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ. இவ்வளவும் பரணில் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஒரே நாளில் வாங்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு பொருள் கூடுதலாக வாங்கினால் இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும். இதைத் தனியாகப் பூட்டி வைக்காதீர்கள். பழையதை எடுத்துச் சமைத்து, புதிதாக வாங்கியதைப் பின்னால் வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் மூன்று மாதம் தொடாமல் கிடந்த அரிசியை வண்டுதான் சாப்பிடும். ஜூன் வருவதற்குள் ஒரு தடவை வெயிலில் காட்டி, நாலு காய்ந்த மிளகாய் போட்டு இறுக்கமாக மூடிவிடுங்கள்.

கேஸ் கனெக்‌ஷன் இல்லாதவர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், ஓர் அடையாள அட்டை இருந்தால் போதும். தண்ணீருக்கு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும். ஐந்து பேருக்கு 75 லிட்டர் என்றால், வாசலில் இருக்கும் 200 லிட்டர் டிரம் மூன்று நாளைக்கே வராது. அதனால் தண்ணீரைச் சேர்ப்பதைவிட, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் யார் வீட்டில் ஆள் இருக்கிறார், யாருக்குப் பிடித்து வைக்க வேண்டும் என்று முறை வைப்பதுதான் முக்கியம். டிரம்மை மூடியே வையுங்கள். வாரம் ஒரு நாள் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு அங்கேயே முட்டையிடும்.

அடுத்தது ரேஷன். இதில்தான் நம் ஆட்கள் பலர் கையில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கார்டு மும்பையில் செல்லாது. மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதல் தானியம் கொடுத்தபோதும், ஊரில் கார்டு வைத்திருந்தவர்கள் இங்கே வெறும் கையோடு நின்றார்கள். அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது. இப்போது உங்கள் ஊர்க் கார்டை வைத்து இங்குள்ள ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து வாங்கலாம். கார்டில் என்ன வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்), அல்லது அந்தியோதயா (மிக ஏழைக் குடும்பம்) வகை என்றால் செல்லும். என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றால் அது மாநில அரசின் தனித் திட்டம், இங்கே செல்லாது. கார்டோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். மாமனார் ஊரில் இருந்தால் அவர் பங்கை அங்கே வாங்கலாம், உங்கள் பங்கை நீங்கள் இங்கே வாங்கலாம். சந்தேகம் இருந்தால் 14445க்குக் கூப்பிடுங்கள், காசு பிடிக்காது. அடுத்த கஷ்ட காலம் வரை காத்திருக்காமல் இந்த மாதமே ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். கைரேகை விழவில்லை, ஆதார் சேரவில்லை என்பதெல்லாம் இப்போது தெரிந்தால் சரி செய்துகொள்ளலாம்.

உங்கள் கணவர் மத்திய அரசின் ஈ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்திருக்கிறாரா? 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயதுக்குள் இருக்கும் அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கு 12 இலக்க எண் கொடுக்கிறார்கள். கார்கானாவில் அவரைத் தொழிலாளி என்று காட்ட வேறு காகிதம் இருக்கப் போவதில்லை. செய்து வையுங்கள்.

சரி, இனி சந்து.

2020 மே மாதத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாடி ரூமில் வயதான அம்மா தனியாக இருந்தார். அந்த இரும்பு ஏணியில் இறங்க அவருக்கு முட்டி ஒத்துழைக்காது. தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலிலிருந்து நைலான் கயிற்றில் ஒரு மஞ்சப்பை இறங்கும். கீழ் வீட்டுப் பெண் அதில் பால் பாக்கெட், பிரஷர் மாத்திரை, சில நாள் ஒரு கிண்ணம் குழம்பு வைத்து முடிச்சுப் போடுவாள். கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் பை மேலே போகும். ஏழே காலுக்குள் பை இறங்கவில்லை என்றால் யாராவது ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பேச்சு. ஒரு நாள் இறங்கவில்லை. ஏறிப் போனார்கள், காய்ச்சலில் படுத்திருந்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தார். அந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு ஒரு கயிறும் ஒரு பையும்தான்.

இந்த மாதிரி உங்கள் சந்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். 40 பக்க ஸ்கூல் நோட்டுப் போதும், மீட்டர் பெட்டிப் பக்கம் ஆணியில் மாட்டி வைக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: எத்தனை பேர், ஊர்த் தொடர்பு எண், யாரிடம் பைக் இருக்கிறது, யாருக்கு மராத்தியில் படிவம் நிரப்பத் தெரியும், யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, எந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கிறது. யாருக்கு என்ன நோய் என்பதை மட்டும் எல்லாரும் பார்க்கும் நோட்டில் எழுதாதீர்கள். குறிப்பாக டிபி. அதை இரண்டு பேர் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். லாக்டவுனில் டிபி மாத்திரை பாதியில் நின்றவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இதில் எல்லாரும் கேட்பது, காய்ச்சல்காரரை எங்கே தனியாக வைப்பது என்பது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று வந்தபோதே, 'வீட்டில் தனி அறையில் இருங்கள்' என்ற பேச்சு இங்கே எடுபடாது என்று தெரிந்துபோயிற்று. அதனால்தான் மாநகராட்சி பள்ளிகளையும் விளையாட்டு வளாகத்தையும் தனிமை முகாம் ஆக்கியது. நம் தெரு கிளினிக் டாக்டர்களே கவச உடை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பரிசோதித்தார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஆனால் முகாம் திறக்கச் சில நாள் ஆகும், அந்தச் சில நாள்தான் ஆபத்து. லாக்டவுனில் கார்கானாக்கள் மூடித்தான் கிடக்கும். உங்கள் கணவர் முதலாளியிடம் இப்போதே பேசி, அப்படி ஒரு நிலை வந்தால் காய்ச்சல்காரரைத் தங்க வைக்கச் சந்துக்காரர்களுக்கு ஒரு சாவி கொடுப்பாரா என்று கேட்கச் சொல்லுங்கள். காற்றோட்டம் இருக்கிறதா, தோல் ஒட்டும் பசை, ரசாயன டப்பாக்களை அகற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். கார்கானா கிடைக்காவிட்டால் ஜன்னல் உள்ள மாடி ரூம் ஒன்றைத் தனிமை அறையாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்று கவனம்: நோயாளியோடு இருந்தவர்களைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைக்காதீர்கள். அவர்களுக்கும் தொற்று இருக்கலாம்.

தொற்றுக் காலத்தில் பொதுக் கழிப்பறையில் வரிசை நிற்கும்போதும் உள்ளேயும் மாஸ்க் வேண்டும். வெளியே வந்தவர் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து விடட்டும். காய்ச்சல் உள்ள வீட்டாருக்குக் கூட்டமில்லாத நேரம் ஒதுக்குங்கள்.

சந்துக்கு ஒரு ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்ப்பது), ஒரு பிரஷர் மெஷின், ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஆக்ஸிமீட்டர் பார்க்கும்போது ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில், எண் நிலைக்கும் வரை பொறுத்துப் பாருங்கள். 94க்குக் கீழே திரும்பத் திரும்பக் காட்டினால் டாக்டரிடம் போங்கள். 90க்கு வந்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழம்பினால் மெஷினை நம்பாதீர்கள், மனிதரைப் பாருங்கள். கறுத்த தோலில் இந்த மெஷின் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு. வயிற்றுப்போக்கானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 60 அடி சாலையில் இருக்கும் சோட்டா சயான் ஆஸ்பத்திரியின் நேரத்தையும், மாநகராட்சியின் 1916 எண்ணையும் நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

பணம். பிசியில், அதாவது சீட்டில், போடுகிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சீட்டு என்பது எல்லாருக்கும் வருமானம் இருக்கும் வரை ஓடுவது. 2020இல் எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை நின்றபோது எங்கள் பக்கம் பல சீட்டுகள் பாதியில் நின்று, மனஸ்தாபம்தான் மிஞ்சியது. தனியாக ஒரு சந்து நிதி வையுங்கள். 12 வீடு, மாதம் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 14,400. இரண்டு பெண்கள் பெயரில் கூட்டுக் கணக்கு. மருந்து, ஆஸ்பத்திரிப் போக்குவரத்து, பால் பவுடர் ஆகிய மூன்றுக்கு மட்டும். கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இதில் கை வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள், காரணத்தை எழுத வேண்டியதில்லை. வாங்கியவர் தலை குனியாமல் இருக்க வேண்டும். இதை ரொம்ப வருத்தத்தோடு சொல்கிறேன். அரிசி கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்தவர்களை அப்போது நிறையப் பார்த்துவிட்டோம்.

கடைசியாக உங்கள் மாமியார். உங்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம். ஒரு மாதத்துக்கான இன்சுலின் எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். டாக்டரிடம் சொல்லி மருந்துச் சீட்டை அதற்கேற்ப எழுதி வாங்குங்கள். பிரிக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில், பெயரும் தேதியும் எழுதிய டப்பாவில், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்த பாட்டில் வெயிலும் சூடும் படாத இடத்தில் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும், அட்டையில் போட்டிருக்கும் கணக்கையும் பாருங்கள். கரண்ட் போகும் நாளுக்கு, குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் சின்னதும் பெரியதுமாக இரண்டு மண் பானை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, நடுவில் ஈர மணலை நிரப்புங்கள். மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள் பானையில் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். ஏப்ரல், மே வெயிலுக்கு இது நன்றாகக் குளிரும். ஜூலை ஈரக்காற்றில் அவ்வளவு பலன் இருக்காது, அந்த மாதங்களில் ஃபிரிட்ஜ் வீட்டுக்காரரைத்தான் நம்ப வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.