பேரிடருக்குப் பிறகு ஏழை நாட்டுக் குழந்தைகள் ஏன் அதிகம் நோயுறுகிறார்கள்?

இதைப் பேரிடரின் இரண்டாவது அடி என்று சொல்லலாம். முதல் அடி வெள்ளமோ நிலநடுக்கமோ. அது ஓய்ந்த பிறகு வயிற்றுப்போக்கு, மலேரியா, தட்டம்மை, சத்துக்குறைவு என்று மெதுவாக வருவது இரண்டாவது.

முக்கியக் காரணம் தண்ணீர். குழாயும் கழிப்பறையும் ஏற்கெனவே அரைகுறையாக இருக்கும் ஊரில் வெள்ளம் புகுந்தால் சாக்கடையும் குடிநீரும் ஒன்றாகிவிடும். 2019 மார்ச்சில் மொசாம்பிக்கை இடாய் புயல் தாக்கியது. இரண்டே வாரங்களில் பெய்ரா நகரில் காலரா. 2022இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் மாதக்கணக்கில் வடியாத நீரில் கொசு பெருகி மலேரியா பரவியது.

சரி, பெரியவர்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்? ஓர் அண்டாவிலும் ஒரு டம்ளரிலும் ஒரே அளவு ஓட்டை போட்டுப் பாருங்கள், டம்ளர்தான் முதலில் காலியாகும். குழந்தையின் உடம்பு அந்த டம்ளர். சில மணி நேரம் வயிற்றால் போனாலே கண் குழிந்துவிடும், அழுதாலும் கண்ணீர் வராது. அப்புறம் பசி போகும், எடை இறங்கும், இளைத்த உடம்பில் அடுத்த நோய் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களே பல உயிர்களைக் காக்கும். பாலம் உடைந்த ஊருக்கு அவை வந்து சேர வேண்டுமே!

பிணங்கள் கிடப்பதால்தான் கொள்ளைநோய் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை, உயிரோடு இருப்பவர்களின் மலம் குடிநீரில் கலப்பதால்தான் வருகிறது.