எச்.டி.யூ.வில் நல்ல கவனிப்பு என்றால் என்ன?

சாதாரண வார்டுக்கும் ஐ.சி.யூ.வுக்கும் நடுவில் இருப்பது எச்.டி.யூ. (ஹை டிபெண்டன்சி யூனிட்). வென்டிலேட்டர் வேண்டாம், ஆனால் எந்த நேரமும் நிலைமை மாறலாம் என்கிற நோயாளிகளுக்கான இடம். 2 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்தால் நல்லது.

ஏனென்றால் உடம்பு பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். மூச்சு வேகம் கூடும், சிறுநீர் குறையும். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது கரையில் ஆள் நிறுத்திக் கசிவு பார்ப்பார்களே, அதே வேலைதான். உடைப்பு எடுத்த பிறகு மணல் மூட்டை தூக்கி ஓடிப் பயனில்லை.

இரவில் தரையில் படுத்திருந்து, கட்டுவிரியன் கடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கோ திருவாரூர் ஆஸ்பத்திரிக்கோ வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கண் இமை சரிகிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா? ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார்? அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசை தளர்கிறது, உடனே ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டும். இதை எந்த மானிட்டரும் கேட்டுச் சொல்லாது. பக்கத்தில் நின்று கேட்டு, நேரம் போட்டு எழுதும் நர்ஸ்தான் சொல்ல முடியும். என்னைக் கேட்டால், தரத்தை அந்தச் சார்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஐ.சி.யூ.விலிருந்து எச்.டி.யூ.வுக்கு மாற்றினாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அழுகிற குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் நோயாளி தேறி வருவதால்தான் மாற்றுகிறார்கள்.