எழுதும்போது மட்டும் கை மக்கர் செய்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு வரி எழுதுவதற்குள் ஆள்காட்டி விரல் பேனாவை இறுக்குகிறது, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்குகிறது. சட்டைப் பொத்தான் போட, டைப் அடிக்கச் சிரமமே இல்லை. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் எழுதிப் பழகியும் கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ போலத் தெரிகிறது. தசைகள் நம்மை மீறித் தாமாக இறுகி முறுக்கும் ‘டிஸ்டோனியா’வில் ஒரு வகை இது. கையில் பலம் குறையவில்லை. சத்து மாத்திரைக்கு இங்கே வேலையும் இல்லை. விரலை மடக்கும் தசை இயங்கும்போது நீட்டும் தசை தளர வேண்டும். மூளையின் கட்டளை பிசகுவதால் இரண்டும் சேர்ந்தே இறுகுகின்றன, பக்கத்துத் தசைகளும் கூடவே இழுக்கின்றன. முக்கி முக்கி எழுதினால் அந்தப் பிசகான அசைவே இன்னும் நன்றாகப் பதியும். பியானோ கலைஞர் லியோன் பிளைஷருக்கு 1960களில் வலது கை விரல்கள் இப்படித்தான் மடங்கிக்கொண்டன. பல ஆண்டுகள் இடது கைக்கான இசையையே வாசித்தார்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வலது கையை மேசைமேல் சும்மா வைத்துவிட்டு, இடது கையால் நாலைந்து வரி எழுதுங்கள். வலது விரல்கள் தாமாக முறுக்கினால் அது நல்ல தடயம். பேனா பிடிக்கும்போது சமாளிக்கச் செய்யும் அசைவுகள் அப்போது கலப்பதில்லை என்பதால், எந்தத் தசை குற்றவாளி என்பதும் தெரியும். இதையும் வலது கையால் எழுதுவதையும் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சும்மா இருக்கும்போது கை நடுங்கினாலும், எழுத்து வரவரச் சிறுத்தாலும் சொல்லுங்கள். அது பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய்ப் பக்கம் போகும் விஷயம்.

தடித்த பேனா, அழுத்தாமல் ஓடும் மை, ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனாவைச் செருகிப் பிடிப்பது ஆகியவை சிலருக்குக் கைகொடுக்கும். போதாவிட்டால், இறுகும் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி. முன்கையில் எந்தத் தசை என்று ஸ்கேன் அல்லது இ.எம்.ஜி. (தசையின் மின்னோட்டத்தைப் பதியும் கருவி) வைத்துப் பார்த்துப் போட வேண்டும். ஒரு வாரம்போல ஆகும் பலன் தெரிய. சுமார் 3 மாதம் நிற்கும். அளவு கூடினாலோ தசை மாறினாலோ சில வாரங்கள் விரல் தொய்ந்துவிடும். அதனால் முதல் தடவை குறைந்த அளவில் தொடங்குவதே நல்லது. மாத்திரைகள் பெரும்பாலும் வாயை உலர்த்துவதோடு சரி. இடது கைக்கு மாறலாம்; ஆனால் சிலருக்கு அங்கேயும் தொற்றிக்கொள்ளும்.

உங்கள் வயதுக்கு, மருத்துவர் செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயாலும் டிஸ்டோனியா வரலாம்; அது இல்லை என்று உறுதிசெய்யத்தான்.