கிண்ணம் எரிந்தது, குண்டு கிளம்பவில்லை

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் ஃப்ளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பழைய வகைத் துப்பாக்கி) மான் வேட்டையில், குழலுக்கு வெளியே பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து வெடிமருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து குண்டு கிளம்பவில்லை என்கிறீர்கள். முந்தின ராத்திரி துப்பாக்கியில் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே சூடான கேபினுக்குள் வைத்தீர்களே, அநேகமாக அதுதான் காரணம். குளிர்ந்த இரும்பு வெப்பத்துக்கு வந்ததும் வியர்க்கும், மருந்து நனைந்துவிடும். கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவருவது ஆபத்தும்கூட. மாலையிலேயே மண்மேட்டில் சுட்டுக் காலி செய்து துடைத்துவிடுங்கள்.

காலையில், கிண்ணத்து நெருப்பு குழலுக்குள் போகும் பக்கத் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புதிதாகக் கெட்டியுங்கள். கிண்ணத்தில் நாலு எஃப் பொடி (மிக நுண்ணிய கருமருந்து) துளைக்குக் கீழே நிற்கட்டும். துளையை மூடினால் திரிபோல மெதுவாக எரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்திருங்கள். தாமதமாகவும் வெடிக்கும்.