வாடகை வந்து தவணையைக் கட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்னையில் தனியார் வேலை. கையில் 15 லட்சம் இருக்கிறது. மேடவாக்கத்தில் 15 வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை 60 லட்சத்துக்குப் பேசியிருக்கிறேன். 18,000 வாடகை வரும், தவணையை அதிலேயே கட்டிவிடலாம் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: கட்ட முடியாது. இந்த ஃபிளாட்டுக்கு உங்கள் 15 லட்சமே போதாது.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, வங்கி, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம். அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. பழைய ஃபிளாட் என்பதால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம், சுமார் 5.4 லட்சம். புரோக்கர் கமிஷன், பெயின்ட், குழாய் வேலை சேர்த்தால் 20 லட்சத்தைத் தொடும். குறையும் 5 லட்சத்துக்குப் பர்சனல் லோன் எடுப்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை சுமார் 41,650. வருடத்தில் ஒரு மாதம் வீடு காலி என்று வைத்து, சொத்து வரி, ரிப்பேர், காலி மாத மெயின்டனன்ஸுக்கு 30,000 கழித்தால், வாடகையில் மிஞ்சுவது மாதம் 14,000. மீதி 27,650 உங்கள் சம்பளத்திலிருந்து போகவேண்டும். வரியில் மிச்சமாகும் என்பார்கள். வாடகையில் 30 சதவீதக் கழிவு உண்டு, வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால், வாடகையை விட வட்டி கூடுவதால் வரும் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம்தான்.

35 லட்சத்துக்குள் சின்ன ஃபிளாட்டாகத் தேடுங்கள். 28 லட்சம் கடன், கைப்பணம் சுமார் 12 லட்சம். மிஞ்சும் 3 லட்சம் தவணைக்கான கையிருப்பு, அதைத் தொடாதீர்கள். வாடகை எவ்வளவு என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். வாட்ச்மேனிடம் கேளுங்கள்; எந்த வீடு எத்தனை மாதமாகக் காலி என்பதும் அவருக்குத் தெரியும்.

பத்திரத்தில் முதலில் பார்க்கவேண்டியது பிரிபடாத மனைப் பங்கு, அதாவது யூடிஎஸ். மனை இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி. ஒரே அளவில் பத்து வீடு என்றால் ஆளுக்கு 480 வரவேண்டும். உங்கள் பத்திரத்தில் 350 என்றிருந்தால் மீதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டடம் பழசாகப் பழசாக விலை நிற்பது அந்த மண்ணில்தான். 30 வருட வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், ஒப்புதல் பெற்ற வரைபடம் மூன்றையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

வீட்டை மழைக்காலத்தில் பாருங்கள். பழுப்பு வளையம் விழுந்த சீலிங்கை வெயில் காலத்தில் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். கீழ்வீட்டுக் குளியலறைச் சீலிங்கையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்: அங்கே கசிந்தால் நாளைக்கு ரிப்பேர் செலவு மேல்வீட்டுக்காரரான உங்கள் தலையில். கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்பது சங்கத்தின் கணக்கு நோட்டில் இருக்கும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விட்டுவிட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். விற்பவர் அமெரிக்காவிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே பொருந்தாது, பிடித்தம் கூடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

குடிவைக்கும்போது, 11 மாதம் எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். மின்கட்டணமும் சங்க மெயின்டனன்ஸும் யார் கட்டுவது, காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பது என்பதை அதிலேயே தொகையோடு எழுதிவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, அதையும் ஒப்பந்தத்தோடு வையுங்கள்.