பதினோராம் மாடிக்கு வசந்தம் வருமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் படிக்கிறாள். மார்ச் பிறந்ததிலிருந்து தினமும் படம் அனுப்புகிறாள். மஞ்சள் டாஃபோடில் பூக்கள், ஜன்னல் விளிம்பில் தக்காளி நாற்று, வேலிக்கு இருபுறமும் நின்று பேசும் முதியவர்கள். உறைபனி போய்விட்டதா, நாற்றை வெளியே வைக்கலாமா என்பதுதான் அவர்கள் பேச்சாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் பழைய கிள்ளான் சாலையில் ஓர் அடுக்குமாடியின் 11ஆம் மாடியில் ஒன்பது பூச்சட்டிகளோடு வாழ்கிறேன். பன்னிரண்டு மாதமும் அதே வெயில், அதே மழை. பருவமே இல்லாத ஊரில் தோட்டக்காரர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொள்வது? மே மாதம் வரும்போது டுலிப் கிழங்கு கொண்டுவரட்டுமா என்று மகள் கேட்கிறாள். இங்கே பூக்குமா?

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள அம்மா,

முதலில் டுலிப்பை முடித்துவிடுவோம். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கிழங்கு 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகத் தண்டு நீட்டிப் பூக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து அதை ஏமாற்றலாம்தான். ஆனால் பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். மூன்று மாதம் ஆப்பிளைத் துறந்து ஒரு வாரப் பூ, அதன்பின் கிழங்கு குப்பைக்கு. தவிர, டுலிப் கிழங்கு அங்கே இலையுதிர் காலத்தில் விற்கும் சரக்கு. மே மாதம் தேடினால் கிடைப்பது அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுகிழங்கை நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். ஊருக்கு வரும் பெண்ணை விமான நிலையத்தில் நிற்க வைக்காதீர்கள்.

'தோட்டக்காரர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நம் நாட்டில் தோட்டம் என்றால் பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம்தானே. என் தாய் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அவரிடம் போய்ப் பருவமே இல்லாத ஊர் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஜனவரி கடைசியில் பால்மரம் இலை உதிர்க்கத் தொடங்கும். பிப்ரவரியில் மலையோரம் முழுக்க மொட்டை மரங்கள். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம்வரை கேட்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வாரங்களில் மரத்தில் கட்டிய மங்கில், அந்தக் கிண்ணத்தில், பால் குறையும், கூலியும் குறையும். தளிர் முற்றுவதற்குள் ஈரம் கூடினால் இலையில் வெண்சாம்பல் நோய் விழும். அதற்குக் கந்தகத் தூளை விடிவதற்கு முன்பே அடிப்பார்கள். வசந்தம் என்ற சொல்லை என் தாய் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. 'இலை விழுற காலம்' என்பார், குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும் அந்த வாரங்களில்தான் லயத்துப் பெண்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்துவார்கள். சாம்பலில் புரட்டி வைத்த வெண்டை விதை, பசலைக் கொடி, மரவள்ளிக் குச்சி எல்லாம் முந்தானையில் கைமாறும். பேச்சும் கூடவே கைமாறும். யார் வீட்டு அவரை காய்த்தது, யார் வீட்டுக் கோழி யார் பாத்தியைக் கிளறியது, மழை எந்தக் கிழமை வரும். உங்கள் மகள் லீட்ஸில் படம் பிடித்தாளே, அதே பேச்சுத்தான். கையில் காசு இல்லாத மாதத்தில் நடந்தது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

நம் மரங்கள் குளிர் விலகக் காத்திருப்பதில்லை. அவை பார்த்துக்கொண்டிருப்பது வறட்சியை. எங்கள் பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். அந்த வறட்சியில் வாடி, முதல் மழை விழுந்தவுடன் தபேபுயா இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். இங்கே எல்லோரும் ஜப்பானியச் செர்ரிப் பூவின் பெயரால் சக்குரா என்கிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். சாலையோர நிழல்மரமான அங்சானாவுக்கு இன்னும் அவசரம். ஒரே நாளில் தெருவின் மரங்கள் எல்லாம் சேர்ந்து மஞ்சளாகப் பூத்து, மறுநாள் தரையில் கிடக்கும். பாலேக் பூலாவ் பக்கம் டுரியான் மாலையில் மலர்ந்து, இரவில் வௌவால் வந்து போனபின், விடிவதற்குள் பூவைக் கொட்டிவிடுகிறது.

இதற்கெல்லாம் தேதி கிடையாது. இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு என்று குறித்து வைத்துக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். இங்கே ஓர் ஆண்டு முன்னதாக வரும், ஓர் ஆண்டு தள்ளிப்போகும், பாதி வந்து நின்றும் போகும். அங்சானா பூத்த அன்று நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையென்றால், அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ஆகவே, எதைப் பற்றிப் பேசுவது என்று நீங்கள் கேட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. நம் ஊரில்தான் பேசியாக வேண்டும்.

என் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியின் கதவில் சீனப் பெருநாளுக்கு ஒட்டிய சிவப்புத் தாளில் ஒரே எழுத்து. என்னவென்று கேட்டேன். வசந்தம் என்றார், 33 டிகிரி வெயிலில் விசிறிக்கொண்டே. அவர் முன்னோர் அதைச் சீனாவின் பூக்கியென் மாநிலத்திலிருந்து எடுத்து வந்தார்கள். நாம் சித்திரையையும் வேப்பம்பூவையும் எடுத்து வந்ததுபோல. சீனப் பெருநாளின் பதினைந்தாம் இரவான சாப் கோ மே முடிந்ததும் அந்த வீட்டு லீமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சைச் சட்டிகள் சாக்கடையோரம் வந்துவிடும். நான் வெட்கப்படாமல் தூக்கிக்கொள்வேன். மூன்றில் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவது என் ரசத்துக்குப் போதுமான அளவு காய்க்கிறது. பாதியை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன். எதிர் வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, ரெண்டாங் இறைச்சிக் குழம்புக்கு மஞ்சள் செடியின் இலை பறிக்க வருவார். இந்த ஆண்டுகளில் நோன்புப் பெருநாளும் இதே பருவத்தில் விழுவதால் என் மஞ்சள் செடி மொட்டையாகவே நிற்கிறது. போகட்டும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது.

(ஒரு முறை மக்சிக் அன்பாகக் கொடுத்த பண்டான் சட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழு கண்டுபிடித்து எனக்கு அபராதம் போட்டார்கள். அடித்தட்டை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.)

இனி உங்கள் 11ஆம் மாடிக்கு வருகிறேன். கோலாலம்பூரில் மார்ச் 28 வாக்கில், மதியம் ஒன்றேகால் மணி சுமாருக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் அதன் காலடியில் ஒளிந்துகொள்ளும். எங்களுக்கு இது ஏப்ரல் முதல் வாரத்தில். அதன்பின் செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்தில். பிறகு மார்ச்வரை தெற்கில். தரையில் தோட்டம் வைத்திருப்பவனுக்கு இது பெரிதாகத் தெரியாது. பால்கனிக்காரருக்கோ பருவம் என்பதே இதுதான். வடக்குப் பார்த்த பால்கனியில் டிசம்பரில் மிளகாய் ஏன் பூக்கவில்லை என்று உரத்தைக் கொட்டிப் பயனில்லை.

இரண்டு மூன்று நல்ல மழை ஆனபிறகு கறிவேப்பிலையின் நுனியையும் மல்லிகையின் பழைய கொடியையும் வெட்டிவிடுங்கள். உயரத்தில் காற்று மண்ணை வேகமாக உலர்த்தும். மேலே காய்ந்த சருகைப் பரப்புங்கள். மிளகாய் இலை சுருண்டால் அடிப்பக்கத்தைப் பாருங்கள், இலைப்பேன் இருக்கும்.

பல அடுக்குமாடிகளில் நடைபாதைக்கு எதிரெதிராக வீடுகள். உங்கள் பால்கனி வடக்கு என்றால் எதிர் வீட்டாருடையது தெற்கு. ஆண்டுக்கு இரண்டு முறை சட்டிகளை மாற்றி வைத்துக்கொள்ளலாம். மார்ச் கடைசியில் அவர்களுடையவை உங்களிடம், செப்டம்பரில் உங்களுடையவை அவர்களிடம். எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். மல்லிகைச் சட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு நாள் மின்தூக்கியில் ஏறி இறங்குங்கள். ஐந்தாம் நாள் அவர்களே கேட்பார்கள்.

எந்தத் திசை என்று எழுதுங்கள். சித்திரைப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். எங்கள் தெருக்கோடி வேம்பு இந்த ஆண்டு நன்றாகப் பூத்திருக்கிறது, காயவைத்து அனுப்புகிறேன்.